சரட

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு ஜலதோஷம் போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது.

"நலம். நலமறிய ஆவல்" என்று தொடங்கவில்லை, கவனித்தாயா? நீ டைப்பிங் படிக்கப் போன பிறகு ஹாஸ்டலில் தனியாக இருந்த எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் வார்டன் பிரித்துப் படித்தாளே, அப்போது நாம் போட்ட சட்டம். அந்த வரி இருந்தால் வேறு யாரோ படிக்கிறார்கள் என்று அர்த்தம். இத்தனை வருஷம் ஆகியும் ஆபீஸ் கடிதத்தில்கூட அந்த வரியை எழுத எனக்குக் கை வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கார் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. ஆட்டோகிராஸ் என்று பெயர். லாரிகள் நிறுத்தும் பெரிய தார் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு நிறக் கோன்களை அடுக்கி, வளைவும் நெளிவுமாகப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டி. யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தை முந்தினால் போதும். கோன் சாய்ந்தால் நேரத்தில் அபராதம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். தினமும் கல்லூரி லேபுக்கு ஓட்டிப் போகும் என் பழைய வண்டியே போதும் என்றார்கள்.

ஏன் என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் உன் வீட்டுக்குக் கிளம்பி, மலைப்பாதையின் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரியைப் பார்த்து, வளைவின் நடுவில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் வழுக்கித் தடுப்புச் சுவரை உரசி நின்றது. அங்கிருந்தே திரும்பி வந்தவள் பிறகு ஏறவே இல்லை. பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். உன் அணைக் குடியிருப்பில் இருக்கும் ஒரே போன் அத்தானின் ஆபீஸ் மேஜைமேல். இப்படியே போனால் நாம் இரண்டு பேரும் தபால்காரர் தயவில் கிழவிகளாகிவிடுவோம். மழைக்காலம் தொடங்குவதற்குள் உன் வாசலில் என் வண்டி நிற்க வேண்டும். இதற்காகத்தான் எல்லாம்.

முதல் நாள் நான் சாய்த்த கோன்களை நிமிர்த்தி வைக்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது. எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண் மற்ற நாட்களில் பல் டாக்டர். மைதானத்திலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் ஆகாது, தளர்வா இருங்க" என்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் வலிக்கப்போகிறது என்று அர்த்தம்.

சைரன் அத்தான் எப்படி இருக்கிறார்? அணையில் மதகு திறக்கும்போது ஊதுகிற மாதிரியே வீட்டிலும் பேசுகிறாரா? கல்யாணமான நாளிலிருந்து என்னை "நீங்க" என்று கூப்பிடும் மனிதரிடம் எப்படி உறவு கொண்டாடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வாலு


ஜனவரி 30

அன்புள்ள வாலு,

இருமலுக்கு மருந்து வாங்கிச் சாப்பிடு, லேபில் இருப்பதையெல்லாம் கலக்கிக் குடிக்காதே. என் முழங்கால் அப்படியே. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், இன்னும் பழகவில்லை. இந்த வருஷம் இங்கே பனி அதிகம். எதிர் வீட்டு ஜன்னல் தெரிவதில்லை.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தது உண்மை. பிறகு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததும் உண்மை. நீ வராவிட்டால் எனக்கு வருத்தம்தான், பொறுத்துக்கொள்வேன். வருகிறேன் என்று கிளம்பி வழியில் உனக்கு ஏதாவது ஆனால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. இதை ஒருமுறைதான் சொல்லுவேன்.

சொல்லியாயிற்று. இப்போது ஒரு கேள்வி. கோன் கிட்டே வரும்போது நீ எதைப் பார்க்கிறாய்? கோனைத்தானே? என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் விரலைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். "யளனகப" என்ற முதல் பாடம் முடிவதற்குள் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவேன். கண் பக்கத்தில் வைத்த காப்பித் தாளில் இருக்க வேண்டும், அதுவும் விரல் அடித்துக்கொண்டிருக்கும் சொல்லில் அல்ல, அதற்கு இரண்டு மூன்று சொல் தள்ளி. தப்பாகிவிடுமோ என்று எந்தச் சாவியைப் பார்க்கிறாயோ அந்தச் சாவியில்தான் விரல் போய் விழும். உன் பல் டாக்டரைக் கேட்டுப் பார். வேறு மாதிரி சொன்னால் அவள் பல் பிடுங்குவதோடு நிற்கட்டும்.

சைரன் நலம். ஒருநாள் வாய்தவறி அவர் எதிரிலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டேன். "யாரு சைரன்?" என்றார். பால்காரர் என்று சமாளித்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில், "என்ன சைரன், இன்னைக்கு லேட்டு" என்று பால்காரரைக் கேட்கிறார். அவரும் ஏன் எதற்கு என்று புரியாமல் சிரித்துவிட்டுப் போகிறார்.

அடித்ததைத் திரும்பப் படித்துவிட்டேன். பிழை இல்லை. உன்னால் ஒன்று காட்ட முடிந்தால் காட்டு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

பிழை கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணாடி பழகிவிட்டதா?

நீ சொன்னதைப் பல் டாக்டரிடம் சொன்னேன். வண்டியிலிருந்து இறங்கிப் போய், ஒரு செய்தித்தாளைக் கொண்டுவந்து முன்கண்ணாடியின் கீழ்ப் பாதியை ஒட்டி மூடிவிட்டாள். "உங்க அக்கா துண்டு போட்டாங்க, நான் பேப்பர் போடுறேன்" என்றாள். மூக்குக்கு நேரே இருக்கும் கோன் தெரியவே இல்லை. தெரிந்ததெல்லாம் வளைவு முடிந்து வெளியேறும் இடம்தான். வேறு வழியில்லாமல் அதையே பார்த்தேன். கை தானாக அந்தப் பக்கம் திருப்பியது. அன்றைக்கு ஒரு கோன்கூடச் சாயவில்லை. கண் போகிற இடத்துக்கு வண்டி போகிறது, அக்கா. இத்தனை வயதுக்கு மேல் இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி சந்தோஷம்.

ஆனால் பழைய வியாதி போகவில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையை வளைவுக்கு முன்னாலேயே, நேர்ப்பாதையிலேயே முடித்துவிட வேண்டும். முடிக்கிறேன். அவசரப்பட்டு உடனே திருப்பாமல் கொஞ்சம் பொறுத்துத் திருப்ப வேண்டும். திருப்புகிறேன். பாதி வளைவில் ஏதோ ஒரு பயம் வந்து கால் மறுபடியும் பிரேக்குக்குப் போய்விடுகிறது. எடையெல்லாம் முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடி விட்டுவிடுகின்றன. போன ஞாயிறு அரை வட்டம் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றேன். மலையில் அது நடந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

ஏப்ரல் விடுமுறையில் வரட்டுமா? சைரனிடம் சொல்லி வை. ஊதி என்னைப் பயமுறுத்தாமல் இருந்தால் வருகிறேன் என்று சொல். அவர் அதிர்ந்து பேசினால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

வாலு


மார்ச் 29

நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது. நீ நன்றாகப் பழகிக்கொண்டு வருவதில் மகிழ்ச்சி. இங்கே எல்லாம் வழக்கம்போல.

அத்தானை அந்தப் பெயர் சொல்லி எழுதாதே. மரியாதையாக எழுது.

இப்போது வர வேண்டாம். பனி இன்னும் விலகவில்லை. நானே சொல்கிறேன், அப்போது வந்தால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 8

நலம். நலமறிய ஆவல்.

அக்கா, உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்தேன். நானும் அதையே எழுதியிருக்கிறேன், பார்.

உறையின்மேல் விலாசம் அத்தானின் கையெழுத்தில் இருந்தது. எப்போதும் விலாசத்தையும் நீதான் டைப் அடிப்பாய். உனக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. உன் குரலைக் கேட்கலாம் என்று அத்தானின் ஆபீஸுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் நீ தூங்குவதாகச் சொன்னார். ஒருமுறை காலை பதினொரு மணி. நன்றாகத் தூங்கு. ஓய்வு நல்லதுதான்.

மலைப் பக்கம் பனி போய்ப் பல நாள் ஆகிறது, வெயில் கொளுத்துகிறது என்று செய்தியில் சொன்னார்கள். உன் வீட்டுக்கு மட்டும் இருக்கும் பனி சீக்கிரம் விலகட்டும்.

என் பயிற்சி நன்றாகப் போகிறது. இப்போதெல்லாம் யார் பின்னால் நின்று பார்த்தாலும் எனக்குக் கை நடுங்குவதில்லை. நீ கூப்பிட்டால் போதும், விடுமுறை இல்லாவிட்டாலும் வருவேன். நீண்ட கடிதம் வேண்டாம். முடிந்ததை எழுது.

அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கை


மே 14

சரட. நலமறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன், நீ எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

மழையில் ஓட்டிப் பழகியிருக்கிறாயா? வளைவில் வண்டி குலுங்காமல் திருப்ப முடியுமா? அதாவது பக்கத்து சீட்டில் இருப்பவரின் தலை அசையாமல். முடியும் என்றால் முடியும் என்று எழுது, முடியாது என்றால் முடியாது என்று எழுது. எனக்காகக் கூட்டிச் சொல்லாதே.

ஜூன் பிறந்தால் அத்தான் மதகை விட்டு நகர முடியாது.

சும்மாதான் கேட்டேன். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வர வேண்டாம்.

அக்கா


மே 28

அக்கா,

வாசலில் ஆள் நிற்கிற மாதிரி எழுதியது போதும். படிக்கிறவர் படிக்கட்டும்.

"சரட" என்ற சொல்லை வைத்துக்கொண்டு பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஏதோ சங்கேதம், எனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்தேன். நேற்று லேப் மேஜைமேல் சும்மா விரல்களை வைத்து, நீ சொல்லிக்கொடுத்தபடி யளனகப என்று தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது. ந-வுக்கு வலப்பக்கத்துச் சாவி ச. ல-வுக்கு வலப்பக்கம் ர. ம-வுக்கு வலப்பக்கம் ட, புள்ளி விழவே இல்லை. நீ அடித்தது "நலம்"தான். முதல் சொல்லுக்கு மட்டும் இரண்டு கையும் ஒரு சாவி தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. அது கடிதத்தின் முதல் சொல்லிலேயே இருக்கிறது, நீ அதைத் திருத்தாமல் அனுப்பியிருக்கிறாய். ஒரு புள்ளி தவறினால் தாளையே கிழித்துப் போடுகிறவள் நீ. அடித்ததைத் திரும்பிப் பார்க்கக்கூட உன்னை விடவில்லையா?

நீ கேட்டதற்கு உண்மையான பதில். மழையில் இரண்டு முறை ஓட்டினேன். பல் டாக்டர் டேஷ்போர்டில் ஒரு தட்டை ஒட்டி, அதில் ஒரு பந்தை வைத்திருக்கிறாள். பந்து தட்டைவிட்டு விழாமல் வளைவுகளைத் தாண்ட வேண்டும். விழுகிறது. பிரேக் பிடிக்கும்போது இல்லை, விடும்போது. நான் பிரேக்கைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி விடுகிறேனாம். முன்பக்கம் சட்டென்று எழும்புகிறது, சக்கரம் திரும்ப மறுக்கிறது, அதனால்தான் பயந்துபோய் மறுபடி மிதிக்கிறேனாம். "ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, கால் கொஞ்சம் கொஞ்சமா வரணும்" என்கிறாள். இன்னும் வரவில்லை. கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் வருகிறேன்.

இனி எழுதுவது இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பவருக்கு. அத்தான், என் அக்காவை நான் பார்க்க வேண்டும். ஜூன் பதின்மூன்று, சனிக்கிழமை வருகிறேன். கேட்டைப் பூட்டினால் வெளியே நின்று ஹாரன் அடிப்பேன். உங்களைவிடச் சத்தமாக அடிக்க என்னால் முடியும்.

வாலு


ஜூன் 3

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு உங்கள் அக்காவும் நானும் உங்கள் வரவை எதிர்பார்க்கிறோம். உங்கள் இருமல் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். எது அவளுக்கு, எது எனக்கு என்று பிரிக்கத் தெரியாததால் கடைசி வரை முழுவதையும் வாசித்துவிட்டேன். பிப்ரவரிக் கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். பால்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

போனில் நான் சொன்னது பொய். சொல்லச் சொன்னது அவள். எனக்கு வேறு பொய் தெரியாததால் ஒன்றையே மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. மற்றதை அவள்தான் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு முன் ஏற வேண்டாம். அதுவரை மணல் லாரிகள் இறங்கும். மூன்றாவது வளைவில் சுவரை ஒட்டிச் சரளை கிடக்கிறது, பெருக்கச் சொல்லியிருக்கிறேன். ஹாரன் தேவைப்படாது. கேட் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 21

அன்புள்ள அத்தான்,

அக்கா நலமாக இருக்கிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். விழித்திரையை ஒட்ட ஆபரேஷன் ஆன கண்ணில் கட்டு இருக்கிறது. இன்னும் சில நாள் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும், தூங்கும்போதுகூட. நர்ஸ் படுக்கை விரித்த விதம் சரியில்லை என்று தரையைப் பார்த்தபடியே திட்டுகிறாள். பார்வை நிற்குமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்கிறார் டாக்டர். இதையெல்லாம் போனில் சொன்னேன், மழை இரைச்சலில் உங்களுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மீதியைச் சொல்லப் போன் சரிப்படாது.

அன்றைக்கு நான் சண்டை போடத்தான் மலை ஏறினேன். உங்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் ஒத்திகை பார்த்தேன். அந்தக் கோபத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டியதே தெரியவில்லை, நான்காவதில்தான் ஞாபகம் வந்தது. அக்கா படியில் நின்றிருந்தாள். என் செருப்புச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்கு ஒரு சாண் தள்ளி இருந்த வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்தாள். ஒத்திகை பார்த்தது அத்தனையும் அங்கேயே போயிற்று.

ஒரு கண் மார்ச்சிலேயே போய்விட்டது, மற்றது போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் சொன்னபோது நீங்கள் சமையலறைக்குப் போய்விட்டீர்கள். ஏன் மறைத்தாள் என்று பிறகு கேட்டேன். "சொன்னா அன்னைக்கே கிளம்பியிருப்ப. அப்போ உனக்குப் பாதி வளைவுதான் தெரியும்" என்றாள். கண் போகிற இடத்துக்கு வண்டி போகிறது என்று நான் குதித்துக் குதித்து எழுதியதை நீங்கள் வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். "படிக்கிறவர் படிக்கட்டும்" என்ற வரியை எந்தக் குரலில் வாசித்தீர்கள் என்றும் கேட்டேன். "அன்னைக்குத்தான் அவர் மெதுவாப் பேசி நான் கேட்டேன்" என்றாள்.

நாங்கள் இறங்கியபோது நீங்கள் கேட்டருகே நின்று பார்த்தது முதல் வளைவு வரைதான். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தலை அதிரக் கூடாது, ஒரு குலுக்கலில் மீதிக் கண்ணும் போய்விடலாம் என்று கண் டாக்டர் சொன்னதும், அதனால்தான் உங்கள் ஆபீஸ் ஜீப் கூடாது என்றதும் உங்களுக்குத் தெரியும். அக்கா மடியில் தலையணை வைத்து அதில் முகம் குப்புற வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். மேலே இருந்த வளைவுகளில் ஒன்றும் ஆகவில்லை. நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. கடைசிக்கு மூன்று வளைவு இருக்கும்போது மேகமே பாதையில் இறங்கிவிட்டது. வெளியேறும் இடத்தைப் பார் என்கிற பாடமெல்லாம் பார்க்க ஏதாவது இருந்தால்தானே. தெரிந்தது ஒன்றே ஒன்று. தடுப்புச் சுவரில் போன வருஷம் என் வண்டி விட்டுப்போன பெயிண்ட். நான் அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

"எங்க பாத்துட்டு இருக்க?" என்றாள் அக்கா, தலையணைக்குள்ளிருந்து.

சுவரை என்றேன்.

"தெரியுது. வண்டி அங்கதான் சாயுது. கண்ண எடு."

எடுத்தேன். எதிரே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது அவள், லாரி வருகிறது, கீழே இருந்து ஏறுகிறான், இப்போதுதான் கியர் மாற்றினான் என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. என் கால் பிரேக்கில் இருந்தது. விட வேண்டிய நேரம். சட்டென்று விட்டால் முன்பக்கம் எழும்பும், விடாவிட்டால் வண்டி திரும்பாது. காலுக்கு இரண்டு பக்கமும் பயம்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "உதறாத. தூங்குற குழந்த தலைக்கு அடியிலேர்ந்து கைய எடுப்பாங்கல்ல, அப்படி எடு. உன்னத் தூங்க வெச்சிட்டு எத்தன தடவ எடுத்திருப்பேன்."

எடுத்தேன், அத்தான். ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் கால் மெல்ல மெல்ல வந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்விலேயே நின்று, கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி வளைவைச் சுற்றியது. நான் மறுபடி மிதிக்கவில்லை. லாரி எங்களுக்கு ஒரு கை தூரத்தில் ஏறிப் போனது. அதன் ஓட்டுநர் ஒரு விரல் தூக்கி நன்றி சொன்னதைக்கூடப் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் போனபின் அக்கா, "பந்து விழல" என்றாள்.

என் கடிதங்களை வாசிக்க வேண்டியிருந்ததற்கு உங்களிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சரளையைப் பெருக்கச் சொன்னதற்கு நன்றி. அதை மட்டும் எழுத முடிகிறது.

உங்கள் மைத்துனி


ஜூலை 1

சரட. சரட அறிய ஆவல்.

உன் படிதம் வந்தது. எனக்கு நானே உரக்க வாசித்தேன், பழக்கம் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற பால்காரர் கடைசி வளைவு வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவள் மெஷினில் அடித்துப் பார்க்கிறேன். விரலைப் பார்க்பாமல் அடிக்க வேண்டும் என்று அவள் சொல்லுவாள். பார்த்து அடித்தால்கூட இப்படித்தான் வருகிறது. இங்பே மழை நிற்கவில்லை. மதகு நான்பும் திறந்திருக்கிறது. வீட்டில் யாரிடமும் கத்த வேண்டிய அவசியம் இல்லாததால் தொண்டை நன்றாக இருக்பிறது.

கட்டுப் பிரித்ததும் எதுவானாலும் எனக்குத் தெரியப்படுத்து. நல்லதாக இல்லாவிட்டாலும் மறைக்காதே. அந்த வேலையில் நம் வீட்டில் இனி யாருக்கும் இடமில்லை.

அவளிடம் இந்தக் கடிதத்தை நீ வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

சைரன்


ஜூலை 19

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

ஒரு கண்தான். அதுவும் ஓரத்தில் ஒரு நிழல் இருக்கிறது, அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். தாளை மூக்குக்கு நேரே, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், உதவிக்குப் போனால் தள்ளிவிட்டாள். "மைத்துனி" என்று நான் எழுதியதற்கு நீங்கள் "நீ" என்று பதில் போட்டிருப்பதை இரண்டு முறை படித்தாள். முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் சிவப்புப் பேனா கேட்டாள்.

அடுத்த மாதம் அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். மலைப்பாதையில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வரச் சொல்லாதீர்கள், எந்த நாளானாலும் வருவோம்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாள் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். மறுபடி அடித்து அனுப்பச் சொல்கிறாள். முதல் வரியை மட்டும் அவள் தொடவில்லை.

வாலு